மன்னர்தான், ஆனால் எதற்கு மன்னர்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் பிள்ளைகள் மைக்கேல் ஜாக்சன் பாடல்களுக்கு ஆடப்போகிறார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் பொறுப்பு என்னுடையது. “பாப், ராக், சோல் ஆகிய மூன்று இசைகளுக்கும் ஒரே மன்னர், மூன்வாக் நடனத்தைக் கண்டுபிடித்த மாமனிதர்” என்று அறிவிப்பு எழுதி வைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, அந்தப் பட்டம் அவராகவே ஏற்பாடு செய்து சூட்டிக்கொண்டது என்றும், அத்தனை குற்றச்சாட்டுகளுக்கு ஆளான ஒருவரை மேடையில் மன்னர் என்பது முறையல்ல என்றும் சொல்கிறாள். எண்பதுகளில் கேசட் தேயும்வரை அவரைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவரா, இல்லையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் சொன்னதில் முதல் பகுதி ஏறக்குறைய சரி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. 1989ஆம் ஆண்டு, கருப்பின இசைக்கான சோல் டிரெயின் விருது விழாவில் ஜாக்சனுக்கு விருது வழங்க வந்த நடிகை எலிசபெத் டெய்லர், பாப், ராக், சோல் இசைகளின் உண்மையான மன்னர் என்று அவரைப் புகழ்ந்தார். உங்கள் அறிவிப்பில் உள்ள மூன்று இசைகளும் அந்தப் பேச்சிலிருந்து வந்தவைதாம். டெய்லர் அவருக்கு நெருங்கிய தோழி என்பதால் அதை நடுவர் தீர்ப்பாகக் கொள்ள இடமில்லை. பிறகு 1991 நவம்பரில் ‘பிளாக் ஆர் ஒயிட்’ பாடலின் காணொளி வெளியானபோது, அதை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகள் அவரை ‘கிங் ஆஃப் பாப்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று அவர் தரப்பில் கேட்டுக்கொள்ளப்பட்டதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1993 பிப்ரவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தம் நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டபோது, தாம் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை என்றும், முதலில் சொன்னவர் டெய்லர்தான், பிறகு ரசிகர்கள் அப்படி அழைத்தார்கள் என்றும் ஜாக்சன் பதில் சொன்னார். இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. வேறொருவர் தலையில் வைத்த கிரீடத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை அவரே பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். 1995இல் தம்முடைய பாடல் தொகுப்பு ஒன்றுக்கு விளம்பரமாகத் தமக்கே ஒரு பெருஞ்சிலை செய்வித்து லண்டன் தேம்ஸ் நதியில் மிதக்கவிட்டவர் பட்டங்களில் ஆசையற்றவர் என்று நானும் வாதாடப் போவதில்லை.

ஆனால் கேட்டு வாங்கிய பட்டம் என்பதாலேயே அது பொய்ப் பட்டம் என்று உங்கள் மகள் முடிவுகட்டினால், அமெரிக்க இசை வரலாற்றில் மிஞ்சும் மன்னர்கள் மிகச் சிலரே. அங்கே அரச பட்டங்கள் இரண்டு வழிகளில் வந்திருக்கின்றன. ஒன்று தெருவில் பிறந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கார்னெட் என்ற ஊதுகருவி வாசிப்பில் எவராலும் விஞ்ச முடியாதவரை ஊரே ‘கிங்’ என்று அழைத்தது. பட்டி போல்டன் அப்படித்தான் கிங் போல்டன் ஆனார், அவருக்குப் பின் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குருவான ஜோ ஆலிவர் கிங் ஆலிவர் ஆனார். அந்த ஆலிவர் கடைசிக் காலத்தில் துப்புரவுப் பணி செய்து வறுமையில் 1938இல் இறந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், தெரு கொடுக்கும் பட்டத்தோடு படியளப்பு எதுவும் வருவதில்லை என்பது விளங்கும். இன்னொரு வழி இசைத்தட்டு நிறுவனமும் விளம்பரமும் போட்ட வழி. பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை ‘புளூஸின் ராணி’ என்று அவருடைய நிறுவனம் விற்றது, பத்திரிகைகள் அவரைப் ‘பேரரசி’ என்று ஒரு படி உயர்த்தின. பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்குச் ‘சோல் இசையின் ராணி’ என்று சிகாகோ மேடையொன்றில் உண்மையிலேயே கிரீடம் வைத்தவர் ஒரு வானொலி அறிவிப்பாளர். இவர்களில் எவருடைய தகுதியையும் பட்டம் பிறந்த கதையைக் கொண்டு யாரும் அளப்பதில்லை.

இதில் உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு, அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருப்பின மக்கள் உருவாக்கிய இசைக்கு அமெரிக்கா முடிசூட்டியபோதெல்லாம் அந்த முடி பெரும்பாலும் வெள்ளையர் தலையிலேயே அமர்ந்தது. கருப்பின ஜாஸ் மேதைகளான டியூக் எல்லிங்டனும் ஆம்ஸ்ட்ராங்கும் வாழ்ந்த காலத்திலேயே ‘ஜாஸ் மன்னர்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டவர் வெள்ளையரான பால் வைட்மன். ‘ஸ்விங் மன்னர்’ பென்னி குட்மனின் புகழ்பெற்ற இசை அமைப்புகளில் பல, ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற கருப்பினக் கலைஞரிடமிருந்து விலைக்கு வாங்கியவை. எல்விஸ் பிரெஸ்லியாவது இதை உணர்ந்திருந்தார். 1969இல் லாஸ் வேகாஸில் செய்தியாளர் ஒருவர் அவரை மன்னர் என்று அழைத்தபோது, அந்த அறையில் இருந்த கருப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவைக் காட்டி, உண்மையான ராக் அண்ட் ரோல் மன்னர் அவர்தான் என்றார். இந்தப் பின்னணியில், இந்தியானா மாநிலத்தின் கேரி என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்து, ஐந்து சகோதரர்களில் ஒருவராகப் பத்து வயதில் ஒப்பந்தக் கலைஞரான ஒரு கருப்பினச் சிறுவன், பிற்காலத்தில் தன்னை மன்னர் என்றே அழைக்க வேண்டுமென்று கேட்டதை வெறும் ஆணவம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆணவமும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

இனி, தகுதிக்கு வருவோம். 1979இல் வெளியான ‘ஆஃப் தி வால்’ தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. ஆனால் 1980இல் நடந்த, அமெரிக்காவின் முதன்மை இசை விருதான கிராமி விழாவில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு விருது, அதுவும் கருப்பினக் கலைஞர்களின் இசையாகக் கருதப்பட்ட ரிதம் அண்ட் புளூஸ் பிரிவில். கருப்பினக் கலைஞர் எவ்வளவு விற்றாலும் அந்த அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த ஆண்டு அடைந்த ஏமாற்றத்தையும், அடுத்ததை எவராலும் புறக்கணிக்க முடியாதபடி செய்வதென்று அப்போதே உறுதி பூண்டதையும் ஜாக்சன் தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டிருக்கிறார். 1982 நவம்பரின் இறுதியில் ‘திரில்லர்’ வந்தது. அதிலிருந்த ஒன்பது பாடல்களில் ஏழு, அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. தொகுப்பு 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1984 கிராமி விழாவில் அவர் வாங்கிய எட்டு விருதுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவற்றுள் சிறந்த பாப் பாடகர் விருது ‘திரில்லர்’ பாடலுக்கும், சிறந்த ராக் பாடகர் விருது ‘பீட் இட்’ பாடலுக்கும், சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடகர் விருது ‘பில்லி ஜீன்’ பாடலுக்கும் ஒரே இரவில் கிடைத்தன என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே அறையில் உட்காரவைக்கப்பட்டவர் அன்று மூன்று அறைகளின் சாவியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான் நடந்தது. 1981 ஆகஸ்டில் தொடங்கிய இசைக் காணொளி அலைவரிசையான எம்டிவி, தான் ராக் இசைக்கான அலைவரிசை என்ற காரணம் சொல்லிக் கருப்பினக் கலைஞர்களை அரிதாகவே காட்டிவந்தது. 1983 தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி அந்த அலைவரிசையின் சொந்த நேர்காணலிலேயே இதைக் கேள்வி கேட்டார். ‘பில்லி ஜீன்’ காணொளியைக் காட்டாவிட்டால் தங்கள் கலைஞர்கள் அனைவருடைய காணொளிகளையும் திரும்பப் பெற்றுவிடுவோம் என்று ஜாக்சனின் இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் ரெக்கார்ட்ஸின் தலைவர் வால்டர் யெட்னிகாஃப் மிரட்டியதாகச் சொல்லப்படுகிறது, அலைவரிசையின் நிர்வாகிகள் அதை மறுத்திருக்கிறார்கள். எப்படியானாலும் அந்த ஆண்டு மார்ச்சில் அது ஒளிபரப்பானது. டிசம்பரில் ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் ‘திரில்லர்’ குறும்படம் வந்தபோது, பாட்டை விற்பதற்கான துண்டுப்படம் என்ற நிலையிலிருந்து காணொளி தனிக்கலையாகிவிட்டது. அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2009இல் அது சேர்க்கப்பட்டபோது, அந்த இடத்தைப் பெற்ற முதல் இசைக் காணொளியாக இருந்தது.

விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து வாதாட வேண்டாம் என்பது என் யோசனை. அமெரிக்காவில் மட்டும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் சான்று பெற்ற ‘திரில்லர்’, 2018இல் அந்நாட்டு வரிசையில் ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் தொகுப்பொன்றுக்குப் பின்னால் போய்விட்டது. எண்ணிக்கையால் வந்த மன்னர் பதவி எண்ணிக்கையாலேயே போய்விடும்.

இப்போது உங்கள் அறிவிப்பில் உள்ள மூன்று இசைகளுக்குத் திரும்புகிறேன். டெய்லர் சொன்ன மூன்றில் ராக்கும் சோலும் காலப்போக்கில் உதிர்ந்து பாப் மட்டும் நிலைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ‘பீட் இட்’ பாடலின் கிதார் தனி வாசிப்பு ராக் கலைஞர் எடி வான் ஹேலனுடையது. அந்த ஒரு பாட்டை வைத்து, ராக் முன்னோடிகளான சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் அமைத்த நாட்டை ஜாக்சனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது. சோலிலோ, அவர் சிறுவனாக மேடையோரம் நின்று சோல் பாடகர்களான ஜேம்ஸ் பிரவுனையும் ஜாக்கி வில்சனையும் பார்த்துப் பார்த்துக் கற்றவர். ஆசான்கள் அமர்ந்திருக்கும் சபையில் மாணவருக்கு முடிசூட்டுவது அவருக்கே கூச்சம் தரும். பாப் அப்படியன்று. ராக்கின் கிதாரையும், சோலின் குரலையும், டிஸ்கோவின் தாளத்தையும், குவின்சி ஜோன்ஸ் போன்ற ஒரு தயாரிப்பாளரின் ஜாஸ் காதையும், ராட் டெம்பர்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய பாட்டையும் ஒரே பானையில் பொங்கி, எந்த வீட்டுப் பிள்ளையும் கைநீட்டி வாங்கிக்கொள்ளும்படி பரிமாறுவதற்குப் பெயர்தான் பாப். அந்தச் சமையலில் 1982 முதல் 1991 வரை அவருக்கு மேல் ஒருவரும் இல்லை. எனவே டெய்லர் சொன்னது மிகை, மக்கள் அதைச் சுருக்கியது சரி என்பதே என் முடிவு. வெறும் இசைக்கலைஞர் என்ற அளவில் பார்த்தால், ஜாக்சன் பிறந்த அதே 1958இல் பிறந்து, பிறப்பிலேயே பிரின்ஸ் என்ற பெயரைப் பெற்று, தம் முதல் தொகுப்பின் கருவிகள் அனைத்தையும் தாமே வாசித்த பாடகரை நான் அவருக்கு முன்னால் வைப்பேன். ஆனால் பாப் இசைக்கு வாத்தியத் திறன் மட்டும் அளவுகோல் ஆகாது.

முன்னோக்கி நடப்பதுபோல் காட்டிப் பின்னோக்கி வழுக்கும் மூன்வாக்கைக் கண்டுபிடித்தவர் என்ற உங்கள் சொல்லில் உறுதியான பிழை இருக்கிறது. பில் பெய்லி என்ற நடனக் கலைஞர் 1950களிலேயே மேடையிலிருந்து பின்னோக்கி வழுக்கியபடி வெளியேறும் காட்சி படத்தில் பதிவாகியிருக்கிறது. ஷாலமார் இசைக் குழுவின் ஜெஃப்ரி டேனியல் 1982இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதை ஆடிக்காட்டினார். ஜாக்சன் சிறுவயதில் ஒப்பந்தமான மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவில், அந்த நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ‘பில்லி ஜீன்’ பாடலையும் பாட விட்டால்தான் வருவேன் என்று நிபந்தனை விதித்து மேடையேறிய ஜாக்சன், சில விநாடிகள் மட்டும் அந்த அடியை வைத்தார். 1983 மே மாதம் அது ஒளிபரப்பானபோது கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், அன்றோடு அந்த அடி அவருடையதாகிவிட்டது. பிரபுதேவாவை ‘இந்தியாவின் மைக்கேல் ஜாக்சன்’ என்று நம் பத்திரிகைகள் எழுதத் தொடங்கியபோது அந்தப் பெயரே இங்கே ஒரு பட்டமாகியிருந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மாமனிதர் என்ற சொல்லைத்தான் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் உங்கள் மகளின் உண்மையான ஆட்சேபம் அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. 1993இல் ஒரு சிறுவனைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியதாக அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது, 1994இல் அது தொடர்பான உரிமையியல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடிக்கப்பட்டது. வேறொரு சிறுவன் தொடர்பான குற்றவியல் வழக்கில் 2005 ஜூனில் கலிஃபோர்னியா நீதிமன்ற நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல் வெளியான ஆவணப்படத்தில் இரண்டு ஆண்கள் தங்கள் சிறுவயதில் நடந்ததாகச் சொன்னவற்றை அவருடைய குடும்பத்தினர் மறுத்தார்கள். இறக்கும்வரை அவரும் எல்லாவற்றையும் மறுத்தே வந்தார். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே நேரத்தில், கலை வேறு, கலைஞர் வேறு என்ற ஒரு வாக்கியத்தால் உங்கள் மகளின் வாயை அடைப்பதும் நியாயமாகாது. குழந்தைகள் ஆடும் மேடையில் இந்தப் பெயரைச் சொல்லும்போது அவளுக்கு நெருடுகிறது என்றால், அந்த நெருடலுக்குக் காரணம் இருக்கிறது. மன்னர் என்பது இசையில் அவர் வகித்த இடத்தைக் குறிக்கும் சொல், அதற்கு ஆதாரம் இருக்கிறது. மாமனிதர் என்பது அவருடைய வாழ்க்கைக்கு நீங்கள் கொடுக்கும் நற்சான்று. அவரை நேரில் அறியாத நீங்களோ நானோ அதில் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை.

ஆகவே உங்கள் அறிவிப்பில் ராக்கையும் சோலையும் எடுத்துவிடுங்கள், ‘ஒரே’ என்பதையும் எடுத்துவிடலாம், ‘கண்டுபிடித்த’ என்ற இடத்தில் ‘உலகறியச் செய்த’ என்று எழுதுங்கள், ‘மாமனிதர்’ என்பதற்குப் பதிலாகக் ‘கலைஞர்’ போதும். “பாப் இசை மன்னர் என்று அழைக்கப்பட்டவரும், மூன்வாக்கை உலகறியச் செய்தவருமான கலைஞர் மைக்கேல் ஜாக்சன்” என்று வாசித்தால் உங்கள் மகள் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. அவள் ஒப்புக்கொண்டால், அதை வாசிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டு நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம்.