பச்சைப்பால், பால்மா, எருமைத் தயிர்: வாசகர் கேட்டவை

சென்ற இதழில் கல்சியம் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் பால் பற்றித்தான். "பால் ஒரு மெல்லக் கொல்லும் விஷம்" என்று ஒரு வீடியோ எங்கள் பக்கமெல்லாம் சுற்றுகிறது போலிருக்கிறது. சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: எனக்கு 54 வயது. ஒரு கிளாஸ் பால் குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு பொருமி, மலசலகூடத்துக்கு ஓடவேண்டி வருகிறது. ஆனால் பால்த்தேத்தண்ணி குடித்தால் ஒன்றுமில்லை, தயிர் சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை. மகன் அந்த வீடியோவை அனுப்பி, எல்லாவற்றையும் விடச் சொல்கிறான். விடவா? (வாசகர், பெரியகல்லாறு)

பதில்: மகனின் வீடியோவை விட உங்கள் வயிறு சரியாகப் பேசுகிறது. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் நொதியம் குழந்தைப் பருவத்தில் நிறையச் சுரக்கும், பால்குடி மறந்த பிறகு பலருக்கு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். உலகத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். இதை ஒரு நோய் என்றே நான் சொல்லமாட்டேன். உடையாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பற்றீரியாக்களிடம் மாட்டி வாயுவாகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. பொருமலும் ஓட்டமும் அதனால்தான்.

தேத்தண்ணிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இரண்டு தேக்கரண்டி பால்மாவில் 3, 4 கிராம் லக்டோஸ்தான் இருக்கும். ஒரு கிளாஸ் பாலில் 10 கிராம் அளவில் இருக்கும், அதுவும் வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தால் கேட்கவே வேண்டாம். தயிரில் உறை பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. அந்தப் பற்றீரியாக்கள் வயிற்றுக்குள் போன பிறகும் லக்டோஸை உடைக்க உதவுகின்றன. ஆகவே தயிரை விடவேண்டாம். பாலை அரைக் கிளாஸாக்கி, சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் பாலை மட்டும் விடுங்கள். நெத்தலியை முள்ளோடு தின்னும் ஊரில் கல்சியத்துக்கு அழவேண்டியதில்லை.

இரண்டு விஷயம் சொல்லவேண்டும். இந்தத் தொல்லை இந்த வயதில் திடீரென்று தொடங்கியதென்றால், அல்லது மெலிவு, மலத்தில் இரத்தம் ஏதாவது இருந்தால், லக்டோஸ் என்று நீங்களே முடிவு கட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றது தயிர். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7, 8 வரை வரும், பசுப்பாலில் 4 அளவில்தான். சட்டியின் மேலே தடிப்பாகப் படிந்திருக்கும் ஆடையைத்தான் எல்லோரும் முதலில் கரண்டியால் வழிப்போம், நானும்தான். கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் அதை வீட்டில் வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் தயிரில் குற்றம் கண்டுபிடிப்பார்களே தவிர, அதன் மேல் கொட்டிய மூன்று கரண்டி சீனியைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் மாட்டுப்பட்டியோடு மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் போய் நிற்பவர். அங்கே கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பார். ஒரு மாதமாகப் பின்னேரமானால் காய்ச்சல், உடுப்பு நனைய வியர்வை, இடுப்பு நோ. டெங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாலால் இப்படி வருமா? (வாசகி, சித்தாண்டி)

பதில்: வரும், தங்கச்சி. இதை வாசித்து முடித்த கையோடு அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போனால், "பட்டிக்குப் போகிறவர், பச்சைப்பால் குடிப்பவர்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கவேண்டாம். இந்தப் பக்கம் காய்ச்சலோடு ஒருவர் வந்தால் வைத்தியர்களான எங்கள் மண்டை டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் ஓடும். மாட்டைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் வேறு பக்கம் திரும்பும்.

நான் சந்தேகப்படுவது புரூசெல்லோசிஸ், ஆடுமாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் ஒரு கிருமிநோய். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேலை செய்த காலத்தில் ஒரு பட்டிக்காரர் வந்தார். பல மாதமாக முதுகு நோ. எண்ணெய் தேய்த்து, பற்றுப் போட்டு, நேர்த்தியும் வைத்தாயிற்று. காய்ச்சலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, அது வரும் போகும் என்று விட்டுவிட்டார். எழும்பிப் போகும்போது, "இந்த வருஷம் பட்டியும் சரியில்லை டொக்டர், நாலு மாடு குறைமாதத்தில் கன்று வீசிட்டுது" என்றார். மறுகா கதிரையில் இருத்தி, இரத்தம் எடுத்து அனுப்பினோம். அதேதான். மாட்டில் கருவைக் கலைக்கும் கிருமிதான் மனிதனுக்குள் வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும், மூட்டு, முதுகு நோவாகவும், சில ஆண்களுக்கு விதை வீக்கமாகவும் நிற்கிறது.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மால்டாத் தீவில் பிரித்தானியப் படைக்காரர் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1887 இல் டேவிட் புரூஸ் என்ற படை வைத்தியர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. 1905 இல்தான் தெமிஸ்டோகிளிஸ் சமிட் என்ற மால்டா வைத்தியர் அது ஆட்டுப்பாலில் இருக்கிறது என்று காட்டினார். அந்த ஆடுகள் நல்ல கொழுகொழுவென்று, ஒரு நோயும் இல்லாத தோற்றத்தோடு நின்றவை. "எங்கட மாடு நல்ல சுகமாக நிற்குது, அதன் பாலுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். படைக்காரருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் விழுந்துவிட்டது.

மருந்து இருக்கிறது. ஆனால் குறைந்தது ஆறு கிழமை, இரண்டு வகை மருந்தைச் சேர்த்து எடுக்கவேண்டும். பத்தாம் நாள் சுகம் என்று குளிசையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. மாலைக் காய்ச்சலும் வியர்வையும் சயரோகத்திலும் வரும் என்பதால் நெஞ்சுப் படமும் சளியும் பார்ப்பார்கள். பயப்படவேண்டாம்.

பாலை என்ன செய்வது? பொங்கக் காய்ச்சுங்கள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் 72 பாகையில் 15 செக்கன் சூடாக்குகிறார்கள். பட்டியில் வெப்பமானி இல்லை. ஆனால் பால் பொங்கி எழும்பும்போது அந்தச் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். பானையின் ஓரத்தில் மட்டும் நுரை கட்டும்போது இறக்காமல், துழாவி, நடுவாலும் பொங்க விடுங்கள். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்பார்கள். கல்சியமும் புரதமும் எங்கும் போகாது, ஒன்றிரண்டு விற்றமின் கொஞ்சம் குறையும். தயிர் போடுவதும் காய்ச்சி ஆறிய பாலில்தான் இருக்கவேண்டும். உறை கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பவேண்டாம்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தூக்கக்கூடாது. பால் குடிக்காமலே அந்த வழியாகவும் இது தொற்றும். கையுறை போட்டு, ஆழப் புதைத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கிட்டவே போகக்கூடாது. மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும் கால்நடை வைத்தியர் சொன்ன நாள் வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது. எவ்வளவு காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது.

கேள்வி: பிள்ளைக்கு எட்டு மாதம். என்னிடம் பால் காணாது என்று மாமி பசுப்பாலில் தண்ணீர் கலந்து போத்தலில் கொடுக்கிறா. சரியா? (வாசகி, காரைதீவு)

பதில்: சரியில்லை, மகள். மாமி கெட்டதை நினைத்துச் செய்யவில்லை. அவ பிள்ளை வளர்த்த காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு வயதுக்கு முன்னர் பசுப்பால் தாய்ப்பாலுக்குப் பதிலாகாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் வரும். புரதமும் உப்புகளும் கூடுதலாக இருப்பதால் சிறுநீரகத்துக்குப் பாரம். அந்தப் பாரத்தைக் குறைக்கத் தண்ணீர் கலந்தால் சத்தும் குறையும், தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றோட்டமும் சேரும்.

ஆட்டுப்பாலும் இதற்கு மாற்று இல்லை. தாய்ப்பாலைத் தொடருங்கள். அடிக்கடி கொடுத்தால்தான் ஊறும். சோறு, பருப்பு, மீன், முட்டை, ஈரல் என்று மசித்துக் கொடுங்கள். சமையலில் கொஞ்சம் பால், ஒரு கரண்டி தயிர் பரவாயில்லை. உண்மையிலேயே பால் போதாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைப் பார்த்துச் சொல்வா. ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லீற்றரைத் தாண்டவேண்டாம். பாலால் வயிறு நிறைந்த பிள்ளை சோற்றைத் தொடாது, மறுகா வெளிறிப்போய்க் கிளினிக்குக்கு வரும்.

பால் பட்டதும் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், இழுப்பு, மலத்தில் இரத்தம் என்று வந்தால் அது ஒவ்வாமை. பெரியகல்லாற்று வாசகரின் கதை வேறு, இது வேறு. முகம் வீங்கி மூச்சு முட்டினால் அந்த நேரமே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

கேள்வி: பால் குடித்தால் புற்றுநோய் வருமாம், எலும்பும் உடையுமாம். உண்மையா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: எலும்புக் கதை 2014 இல் வந்த ஒரு சுவீடன் ஆய்விலிருந்து வருகிறது. நாளுக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ குடித்த பெண்களிடம் எலும்பு முறிவு கூடுதலாக இருந்தது. பால்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, எழுதியவர்களே அவதானமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாளுக்கு மூன்று கிளாஸ் பால் குடிக்கிற ஒருவரை அக்கரைப்பற்றில் காட்டுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம். புற்றுநோயில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயைப் பால் குறைப்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஆண்களின் புரொஸ்டேட் புற்றுநோயைக் கூட்டலாம் என்பதற்குப் பலவீனமான ஆதாரம் உண்டு. வீடியோக்காரர் இரண்டாவதை மட்டும் சொல்லியிருப்பார்.

கேள்வி: கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புக் குளிசையைக் காலையில் பால்த்தேத்தண்ணியோடு போடுகிறேன். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம், அவர் தயிர் சாப்பிடலாமா? (வாசகி, திருக்கோவில்)

பதில்: குளிசையைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். தேயிலைச் சாயமும் பாலின் கல்சியமும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. தேத்தண்ணிக்கு இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தைரொயிட் குளிசை போடுபவர்களும் பாலோடு போடக்கூடாது.

அப்பாவின் விஷயம் வருத்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆரம்பத்தில் அளவோடு சாப்பிடலாம். முற்றிய நிலையில் தயிரிலுள்ள பொஸ்பரசும் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்கும். அவருடைய கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய், நாளுக்கு எத்தனை கரண்டி என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.