மாடி மழைநீர், டிரம் கொசு, மக்கும் குப்பை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி. மழைநீர் முழுவதையும் கிணற்றில் விட்டிருக்கிறோம். முதல் மழையைக் கழிக்கக் குழாயில் ஒரு 'டி' (T வடிவ இணைப்பு) போட்டு, அடியில் மூடி வைத்த மூன்றடிக் குழாயைத் தொங்கவிட்டிருக்கிறார் பிளம்பர். அப்படியும் மழை பெய்தால் கிணறு கலங்கி, லேசாக நாற்றம் வருகிறது. இணைப்பைத் துண்டித்துவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: துண்டிக்க வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மூன்றடிக் குழாயை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். காக்கை எச்சம், தூசி, அழுகிய சருகு எல்லாவற்றையும் அலசிக்கொண்டு வருவது முதல் 2 மி.மீ. மழை. அது மட்டுமே 186 லிட்டர். நான்கு அங்குலக் குழாயோ மூன்றடிக்கு எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்காது. மற்ற அழுக்கெல்லாம் நேராகக் கிணற்றுக்குள் போகிறது.

அந்த இடத்தில், கிளாம்ப் போட்டு இறுக மூடும் 200 லிட்டர் டிரம் ஒன்றை இணையுங்கள். 'டி' டிரம்மின் வாய்க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். டிரம் நிரம்பிய பிறகு வரும் தண்ணீர் தானாக ஃபில்டர் பக்கம் திரும்பும். டிரம்மின் அடியில் ஒரு சிறு குழாய் வைத்து, எப்போதும் மெல்லச் சொட்டும்படி விடுங்கள். இதை மறந்தால் அடுத்த மழைக்கும் டிரம் நிரம்பியே கிடக்கும், வைத்தும் பயனில்லை.

ஃபில்டர் தொட்டி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் போதும். அடியில் ஓரடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் அரையடி 20 மி.மீ. ஜல்லி, பிறகு நைலான் வலை, அதற்குமேல் ஓரடி பெருமணல். வலையை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். மணலை அலசிய தண்ணீர் தெளியும்வரை கழுவிய பிறகே போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் மேல்மணலில் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புதுமணல் போடுங்கள். கிணற்றில் விடும் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகே வரை இறக்குங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் அடிச்சேறு கிளம்பும்.

வாசல், வண்டி நிறுத்தும் இடத்துத் தண்ணீர் கிணற்றுக்குப் போகவே கூடாது. அதற்குத் தனி உறிஞ்சுகுழி.

இனி குளோரின். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஐந்தடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் சுமார் 5,500 லிட்டர். அதற்கு 14 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. குடிப்பதற்கு எப்படியும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நாற்றம் போகவில்லையென்றால் செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிக்கான பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: டிரம்மில் மழைநீர் பிடித்து வைத்தால் டெங்கு வரும் என்று மாமியார் தடுக்கிறார். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்கிறேன்.
– வாசகி, மதுரை

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். எனவே வாரந்தோறும் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும் என்பதால் வாரக்கணக்கு தவறக் கூடாது. தளர்ந்த மூடி போதாது, வாயில் துணி கட்டிக் கயிற்றால் இறுக்குங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் முனைக்கும் கொசுவலை வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: அடுக்குமாடி பால்கனியில் 50 லிட்டர் டிரம்மில் சமையலறைக் கழிவைப் போட்டு உரம் ஆக்குகிறோம். இரண்டே வாரத்தில் அழுகல் நாற்றம், நெளியும் புழு. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: காற்று இல்லாமல் ஈரம் மிஞ்சினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், காய்கறிக் கழிவுக்கு ஈடாகச் சருகு இல்லாவிட்டால் அமோனியா நெடி வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒரு கிண்ணம் ஈரக்கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. சருகு கிடைக்காவிட்டால் காய்ந்த தென்னைநார்க் கழிவு. மரத்தூள் போடலாம், ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம். அதில் பசை இருக்கிறது. டிரம்மைச் சுற்றி அரையடிக்கு ஒன்றாக அரை அங்குலத் துளை, அடியில் நாலைந்து துளை. மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி வேண்டாம்.

புழுக்கள் தடித்து, பழுப்பாக இருந்தால் அவை பெரும்பாலும் 'பிளாக் சோல்ஜர்' எனப்படும் கருப்பு ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், நோய் பரப்பாது. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் மேலே இரண்டு அங்குலம் சருகு மூடுங்கள். டிரம் நிரம்பிய பிறகு 45 முதல் 60 நாளில் மண்வாசனை வரும். அப்போதுதான் செடிக்குப் போட வேண்டும்.

சிரமம்தான். ஆனால் இந்த ஈரக்கழிவு குப்பைக் கிடங்கில் குவிந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது; அந்தப் புகையைச் சுற்றியிருந்தவர்கள்தான் சுவாசித்தார்கள். பக்கத்து வீட்டாருக்கு இதையும் சொல்லுங்கள், சருகைச் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: வேப்பஞ்சருகைக் கொளுத்தினால் கொசு போகும், நல்லதுதானே?
– வாசகர், சேலம்

பதில்: நல்லதில்லை. புகை இருக்கும்வரை கொசு விலகும், அடங்கியதும் திரும்பும். சருகுப் புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அன்றிரவே இழுப்பு வரலாம். அதில் பிளாஸ்டிக் கவர் கலந்திருந்தால் இன்னும் கெடுதி. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே தடை செய்தன. கோழிவலையை மூன்றடி விட்டத்துக்கு வளைத்து நிறுத்தி, சருகைக் கொட்டி மிதித்து, வாரம் ஒருமுறை நனையுங்கள். ஆறேழு மாதத்தில் இலைமட்கு கிடைக்கும். நனைக்காத சருகை ஒரு சாக்கில் கட்டி வைத்தால், கோவை வாசகரைப் போல உரம் போடுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.