குட்டை ரகப் பன்றியும் க்ளோனிங்கும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் மேடம், பன்றி உறுப்பை மனிதருக்கு வைக்கும் ஆராய்ச்சிக்குப் பண்ணைப் பன்றி போதாதா? எதற்குக் குட்டை ரகம்?

பண்ணைப் பன்றி 200 கிலோவைத் தாண்டிவிடும். அதன் சிறுநீரகம் மனித உடலுக்குள் போன பிறகும் வளரப் பார்க்கும். யுகாட்டான் போன்ற குட்டை ரகம் ஏறக்குறைய ஆள் எடையில் நின்றுவிடும். குட்டை என்றதும் மடியில் வைத்துக் கொஞ்சுகிற அளவு என்று நினைத்துவிடாதீர்கள்!

கேள்வி: ஒரே அச்சில் பத்துப் பன்றி வேண்டும் என்றுதானே க்ளோன் செய்கிறார்கள்?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நகல் எடுப்பது முக்கிய நோக்கமே இல்லை. பன்றி செல்லின் மேல் ஆல்ஃபா கேல் என்ற சர்க்கரை இருக்கிறது. நம் ரத்தத்தில் அதற்கு எதிரான புரதங்கள் ஏற்கெனவே தயார். பன்றி உறுப்பை வைத்தால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கறுத்துப்போகும். சரி, அந்தச் சர்க்கரைக்கான மரபணுவை எடுத்துவிடலாம். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் அதைச் செய்து, சரியாக மாறிய செல்லைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் கையில் இருப்பது வெறும் செல். அதை முழுப் பன்றியாக்கும் வழிதான் க்ளோனிங். 2002இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் குழு, அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை நீக்கிய குட்டை ரகக் குட்டிகளை இப்படித்தான் பிறக்க வைத்தது.

கேள்வி: செய்முறையைக் கொஞ்சம் விளக்குங்கள்.

இறைச்சிக்கூடத்திலிருந்து சூலகங்களை வாங்கி, கருமுட்டைகளை எடுத்து, சுமார் 40 மணி நேரம் முதிர வைப்பார்கள். அப்புறம் உட்கருவை உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் எருமைக் கருமுட்டையில் பழகியவள். அதுவே கண்ணை வாங்கும். பன்றிக் கருமுட்டையும் கொழுப்பு மண்டிக் கறுத்திருக்கும், சாயம் போடாமல் உட்கரு தெரியாது. அந்த இடத்தில் திருத்திய செல்லை வைத்து, லேசாக மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

வாடகைத்தாய்ப் பன்றி ஒன்றுக்கு நூறு கருவுக்கு மேல்கூட வைப்பார்கள். பேராசை இல்லை. ஆரம்பத்தில் நாலு கருவாவது பிழைத்திருந்தால்தான் பன்றியின் உடல் சினையை ஏற்கும். இல்லாவிட்டால் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினை நிலைத்துவிட்டால், மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாளில் குட்டி போடும்.

கேள்வி: நூறு வைத்தால் எத்தனை குட்டி?

பல சமயம் ஒன்றுமே இல்லை. கிடைத்தால் ஓரிரண்டு, சில சமயம் ஒரு சிறு ஈத்து. அதிலும் செத்துப் பிறப்பவை, ஊனத்தோடு பிறப்பவை உண்டு. இந்த வேலையில் மனசுக்குக் கஷ்டமான பகுதி இதுதான்.

கேள்வி: மனிதருக்கு வைத்துப் பார்த்தாயிற்றா?

ஆயிற்று. 2024 மார்ச்சில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், 62 வயது ரிக் ஸ்லேமனுக்கு இஜெனிசிஸ் நிறுவனத்தின் குட்டை ரகப் பன்றியின் சிறுநீரகத்தை வைத்தார்கள். அந்தப் பன்றியில் 69 திருத்தங்கள். அவற்றில் 59, பன்றியின் மரபணுத் தொகுப்பிலேயே ஒளிந்திருக்கும் வைரஸ்களை முடக்குவதற்கு மட்டும்! ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். சிறுநீரகத்தால் இறந்ததற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை. 2025 ஜனவரியில் அதே இடத்தில் டிம் ஆண்ட்ரூஸ் என்ற நோயாளிக்கு வைத்த பன்றிச் சிறுநீரகம் 271 நாள் ஓடியது.

கேள்வி: சும்மா கேட்கிறேன், இந்த மாதிரிப் பன்றியைச் சாப்பிடலாமா?

சும்மா கேட்டாலும் நல்ல கேள்வி! ஒருவகை உண்ணி கடித்த சிலருக்கு அதே ஆல்ஃபா கேல் ஒவ்வாமையாகி, ஆடு, மாடு, பன்றிக் கறி ஆகாமல் போகும். அந்தச் சர்க்கரை இல்லாத ஒரு பன்றி வகைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே அனுமதி கொடுத்துவிட்டது. அது குட்டை ரகம் இல்லை, பெரியது.