தோட்டத்தைப் பற்றிய ஆய்வைத் தோட்டத்துப் பிள்ளை படிக்க வேண்டாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் இந்த மாதக் கேள்விகள் திறந்த அணுகல் பற்றியவை. ஆய்வுக் கட்டுரையை யாரும் காசு கட்டாமல் இணையத்தில் படிக்க, பகிர, பயன்படுத்த விடுவதுதான் அது. 2002-ல் வந்த புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இலக்கணம் வகுத்தது. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐயா, தோட்டப் பிள்ளைகளின் வாசிப்பு பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்கு டாலர் கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

கட்டாதீர்கள் டீச்சர். கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, அதன் கீழே மற்றப் பதிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உலாவியில் அன்பேவால் (Unpaywall) என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொண்டால், இலவசப் பிரதி இருக்கும்போது பச்சைப் பூட்டு தெரியும். கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் கட்டும் டாலர் பதிப்பகத்துக்குப் போகிறது, அவருக்கு இல்லை. கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்.

விரிவுரையாளர்: பதவி உயர்வுக்கு ஸ்கோப்பஸ் என்ற உலக ஆய்வுப் பட்டியலில் உள்ள இதழ்தான் கணக்கு, சார். திறந்த அணுகல் என்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கிறார்கள். எங்கே போக?

தம்பி, பலரும் தயங்கி நிற்பது இங்கேதான். கட்டணம் உண்மைதான். நேச்சர் இதழ் 2021-ல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ வைத்தது. நம் விரிவுரையாளர் யாரால் முடியும்? ஆனால் அது ஒரு வழி மட்டும்தான். நீங்கள் நினைக்கும் ஸ்கோப்பஸ் இதழிலேயே போடுங்கள். மதிப்பாய்வு, அதாவது துறை அறிஞர்கள் படித்துச் சரிபார்ப்பது, முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு கோப்பு இருக்கிறதல்லவா? இதழ் அழகுபடுத்துவதற்கு முந்தையது. அதை உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது ஆய்வுகளைச் சேர்த்து எல்லாரும் படிக்க வைக்கும் இணையதளத்தில், ஏற்றுங்கள். பல பதிப்பகங்கள் இதை அனுமதிக்கின்றன. சில ஓராண்டு, இரண்டாண்டு காத்திருக்கச் சொல்லும். எந்த இதழ் என்ன சொல்கிறது என்பதை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு காசு இல்லை. இதழின் பிடிஎஃப்-ஐ மட்டும் அனுமதியில்லாமல் ஏற்றிவிடாதீர்கள். கோப்பைத் தொலைத்துவிட்டு அப்புறம் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஏற்புக் கடிதம் வந்த அன்றே தனியாகச் சேமித்துவிடுங்கள்.

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2003-ல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே (DOAJ) என்ற திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலில் கட்டணமில்லாதவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

முனைவர் பட்ட மாணவி: திறந்து வைத்தால் யாராவது திருடிவிட மாட்டார்களா, அங்கிள்?

பூட்டி வைத்த கட்டுரையையும் திருடுகிறார்கள்மா. திறந்திருந்தால் பிடிப்பது சுலபம். இயற்பியல்காரர்கள் 1991 முதல் இதழில் வரும் முன்பே கட்டுரையை ஆர்க்சைவ் (arXiv) என்ற இலவசத் தளத்தில் போட்டு வருகிறார்கள். தேதி பதிவாகிவிடுவதால் முதலில் சொன்னது யார் என்பது தெரிந்துவிடும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சிசி-பிஒய் (CC BY) உரிமம் கொடுத்தாலும், எடுப்பவர் உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதே மாணவி: ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வருகிறதே?

ஓடிவிடு. உண்மையான மதிப்பாய்வு ஒரு வாரத்தில் முடியாது. டிஓஏஜே-யில் பெயர் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பது தெரியுமா என்று விசாரி.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்: தம்பி, எங்கள் லயத்துக்கு வந்து பேட்டி எடுத்துப் போனவர்கள் நிறையப் பேர். எழுதியதை ஒருவரும் காட்டவில்லை.

அண்ணே, மற்ற எல்லாக் கேள்வியையும் விட இது எனக்கு முக்கியம். நீங்கள் பால் வெட்டிய கதை, வீட்டை இழந்த கதை எல்லாம் கட்டுரையாகி, உங்கள் பேரன் திறக்க முடியாத இடத்தில் கிடக்கிறது. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இனி வருபவர் ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்பார். அதற்கு முன்பு இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டுரை எல்லாரும் படிக்கும்படி களஞ்சியத்தில் ஏறும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் உங்கள் கைக்கு வரும். மறுத்தால் பேட்டி கொடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழைய கட்டுரைகளுக்கு, வந்தவர்களின் பெயர் ஞாபகம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே எழுதிக் கேட்கிறேன்.