புதுக் கொன்சோலின் முதல்நாள் பட்டியலை நம்பிப் பொறுக்கலாமா?

கேள்வி: உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. நானும் தம்பியும் கூடுதலாக விளையாடுவது புட்போல்தான், ஜிடிஏ 6 வந்தால் அதுவும் வேண்டும். ரொரன்ரோவில் இருக்கும் மாமா ஆடி மாதம் வருகிறார், ஒரு கொன்சோல் வாங்கி வருகிறேன் என்கிறார். சுவிட்ச் 2 கேட்பதா, பிளேஸ்டேஷன் 5 கேட்பதா, அல்லது அடுத்த தலைமுறைக் கொன்சோல் வரும்வரை பொறுப்பதா? யூரியூப்பில் "அடுத்த கொன்சோலோடு முதல் நாளே வரும் 25 கேம்கள்" என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்த முறை ஆதரவு தருமாம். நம்பலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம் தம்பி. பிளேஸ்டேஷன் 5 கேளுங்கள், அதுவும் டிஸ்க் போடுகிற வகை. காரணம் கொஞ்சம் நீளம், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், மாமாவுக்கு இன்றைக்கே மெசேஜ் போடலாம்.

அந்த 25 கேம் பட்டியலைப் பற்றிக் கேட்டால், உப்புவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே, மடி இன்னும் கடலுக்குள் கிடக்கும்போதே கரையில் நிற்கிறவர்கள் பாரை என்பார்கள், கீரி என்பார்கள், ஒருவர் விலையே பேசத் தொடங்கிவிடுவார். இந்தப் பட்டியலும் அப்படித்தான். அதற்குள் மூன்று வகைச் சரக்கைக் கலந்து வைத்திருக்கிறார்கள். கம்பெனியே வாய் திறந்து சொன்னவை சில. எங்கிருந்தோ கசிந்தவை சில. மீதி எல்லாம் "போன முறை வந்தது, இந்த முறையும் வரத்தானே வேண்டும்" என்கிற கணக்கு. கசிந்தவற்றில் நான் மதிப்பது ஒன்றைத்தான்: வயது மதிப்பீட்டுச் சபைகளின் பதிவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொரியாவிலும் கேம் விற்பனைக்கு வருமுன் இன்ன கொன்சோலுக்கு இன்ன வயது என்று அந்தச் சபைகளிடம் மதிப்பீடு வாங்குவார்கள், அதில் பெயர் ஏறிவிட்டால் கேம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கடைகளின் இணையதளத்தில் டிசம்பர் 31 என்று போட்டிருக்கும் தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெற்றிடத்தை நிரப்பப் போட்ட தேதி.

ஆனால் கம்பெனியே மேடையில் சொன்னாலும் சில நேரம் நடக்காது. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது கூடவே வரவேண்டிய வொச் டோக்ஸ் 2014 மே மாதம்தான் வந்தது. டிரைவ்கிளப் 2014 ஒக்டோபர். 2020இல் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸோடு வருவதாக இருந்த ஹேலோ இன்ஃபினிட், அந்தக் கொன்சோலின் முகமே அதுதான், 2021 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. உங்கள் ஜிடிஏ 6ஐயே பாருங்கள்: முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அதற்குப் பிறகு 2026 நவம்பர் 19. சொந்தக் கேமுக்கு ரொக்ஸ்டாரே மூன்று முறை தேதி சொல்லியிருக்க, இன்னும் வராத கொன்சோலில் வராத கேமுக்கு ஒரு யூரியூப்காரர் தேதி சொல்கிறார். நல்ல துணிவு.

சரி, வெளிக் கம்பெனிகளின் ஆதரவு, அதாவது கொன்சோல் செய்கிறவன் அல்லாத மற்றவர்கள் கொண்டு வரும் கேம்கள். உங்கள் கேள்வியின் உண்மையான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய கேம் செய்ய மூன்று, நான்கு வருடமாவது எடுக்கும். புதுக் கொன்சோலின் சோதனை இயந்திரம் கேம் செய்கிறவர்கள் கைக்கு வருவதோ அதற்கு எவ்வளவோ பிந்தி. ஆகவே முதல் நாளில் அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் வேறு கொன்சோலில் ஏற்கெனவே வந்த கேமின் மாற்றுப் பதிப்பு. செலவு குறைவு, கடையில் போட்டிக்கு வேறு கேமும் இல்லை, கொன்சோல் வாங்கினவன் எதையாவது வாங்கத்தானே வேண்டும். மத்திய வீதியில் புதுக்கடை திறந்தால் முதல் நாள் எல்லாரும் வருவார்கள், குளிர்பானம் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து யார் வந்து சாமான் வாங்குகிறார் என்பதுதான் கடைக்காரனுக்குக் கணக்கு.

இதற்கு, சுவிட்சுக்கு முன் நின்டென்டோ விட்ட கொன்சோலான வீ யூவின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. 2011இல் நின்டென்டோ அதை அறிமுகப்படுத்தியபோது பிஃபா கேம்களைச் செய்த ஈஏ நிறுவனத்தின் தலைவரே மேடை ஏறி, இதுவரை இல்லாத கூட்டு என்ற மாதிரிப் பேசினார். 2012 நவம்பரில் கொன்சோல் வந்தபோது முதல்நாள் பட்டியல் பார்க்கப் பிரமாதம்: கோல் ஒஃப் டியூட்டி, அசாசின்ஸ் கிரீட் 3, பேட்மேன், மாஸ் எஃபெக்ட் 3, பிஃபா 13. எல்லாக் கம்பெனியும் வந்துவிட்டது என்றுதான் அன்றைக்குத் தோன்றும். ஆனால் கிட்டப் போய்ப் பாருங்கள். மாஸ் எஃபெக்ட் 3 வீ யூவில் தனியாக, முழு விலைக்கு வந்தது, அதே நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360க்கு அந்தத் தொடரின் மூன்று கேம்களும் ஒரே பெட்டியில் வந்தன. யார் வாங்குவான்? விற்கவில்லை என்றால் "இங்கே ஆள் இல்லை" என்று கம்பெனி சொல்லும், ஆள் வராததற்கு அவர்களுடைய சரக்கும் ஒரு காரணம் என்று சொல்லாது. 2013 மே மாதத்தில் ஈஏ, வீ யூவுக்கென்று எதுவும் தயாரிப்பில் இல்லை என்றுவிட்டது. மேடைப் பேச்சுக்கும் அதற்கும் இடையில் இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. வீ யூவுக்கு மட்டும் என்றிருந்த ரேமன் லெஜெண்ட்ஸை யுபிசொஃப்ட் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டு மற்றக் கொன்சோல்களுக்கும் கொடுத்தது. வீ யூ மொத்தமாக விற்றது ஒரு கோடியே 35 லட்சம் சொச்சம், அவ்வளவுதான்.

இப்போது அதன் தம்பியைப் பாருங்கள். 2017 மார்ச் 3, சுவிட்ச் வந்த நாள். பட்டியல் மெலிந்து போய்க் கிடந்தது: ஒரு செல்டா, ஒரு பொம்பர்மேன், ஜஸ்ட் டான்ஸ், இன்னும் சில சில்லறை. அந்த செல்டாவும் வீ யூவிலேயே கிடைத்தது. இதை நம்பி யார் வாங்குவார்கள் என்று எழுதினவர்கள் நிறையப்பேர், நானும்தான் கடையில் அப்படிச் சொன்னேன். அந்த வருடம் முடிவதற்குள் டூமும் ஸ்கைரிமும் வந்தன, 2019இல் விட்சர் 3 முழுவதையும் ஒரு சின்ன அட்டைக்குள் அடக்கிக் கொடுத்தார்கள். பதினைந்து கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 2இன் கதையும் இதேதான். அது 2000இல் வந்தது, ஜிடிஏ 3 வந்தது 2001 ஒக்டோபரில்.

அதனால் நான் பார்ப்பது முதல் நாளை இல்லை. முதல் நாளுக்கு வந்த அதே கம்பெனி ஒரு வருடம் கழித்து இரண்டாவது கேமையும் கொண்டு வருகிறதா, அதை மற்றக் கொன்சோல்களோடு ஒரே நாளில் விடுகிறதா என்று பார்ப்பேன். இந்தக் கணக்கில் சுவிட்ச் 2 மோசமில்லை. 2025 ஜூன் 5 அன்று சைபர்பங்க் 2077, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எல்லாம் அதோடு வந்தன. அதற்கு அடுத்த பெப்ரவரி 27 அன்று ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம் எல்லாருக்கும் வருகிற அதே நாளில் சுவிட்ச் 2க்கும் என்று கேப்கொம் தேதி வைத்தது, அது நல்ல அறிகுறி. மறுபக்கம் எல்டன் ரிங் 2025 என்று சொல்லி 2026க்குப் போனது, போர்டர்லாண்ட்ஸ் 4ஐத் தேதி குறித்த பிறகு காலவரையில்லாமல் தள்ளிவைத்தார்கள்.

உங்களைப் போல் புட்போல் ஆடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்கும் அதே கேம் இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பழைய சுவிட்சில் பிஃபா 20 முதல் 23 வரை வந்தவை எல்லாம் லெகசி பதிப்பு, அதாவது போன வருடத்துக் கேமிலேயே புது ஜெர்சியும் புது வீரர் பட்டியலும் போட்டது. பெயர் 23, உள்ளே ஆட்டம் பழசு. இதற்கும் ஆதரவு என்றுதான் பெயர். சுவிட்ச் 2க்கு வந்த எஃப்சி 26, அதாவது பெயர் மாறிய பிஃபா, அதைவிடப் பல மடங்கு நல்லது, இருந்தாலும் அது பிளேஸ்டேஷன் 4க்கும் வந்திருக்கிறது, ஆகவே புட்போலுக்காக மட்டும் நீங்கள் அவசரப்படத் தேவையில்லை.

அடுத்த தலைமுறைக்குப் பொறுப்பது ஏன் வீண்? புதுக் கொன்சோல் வந்த அன்று உலகத்தில் அதை வைத்திருக்கிறவர்கள் பூச்சியம். பல நூறு கோடி செலவழித்துக் கேம் செய்தவன் பூச்சியம் பேருக்கு விற்கமாட்டான், பழையதில் இருக்கும் கோடிக்கணக்கான ஆட்களுக்கும் சேர்த்தே விற்பான். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பர். ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட், கிரான் டுரிஸ்மோ 7, கோட் ஒஃப் வோர் ராக்னரொக், மூன்றும் 2022இல் வந்தவை, மூன்றும் சோனியின் சொந்தச் சரக்கு, மூன்றும் உங்கள் வீட்டில் கிடக்கும் பிளேஸ்டேஷன் 4இலும் ஓடும். சோனியே இரண்டு வருடம் பழையதை விடவில்லை என்றால் வெளிக் கம்பெனிகள் விடுமா? அடுத்த முறையும் முதல் ஒன்றிரண்டு வருடம் இப்படியே போகும் என்பது என் ஊகம். ஜிடிஏ 6 அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான். உங்கள் பிளேஸ்டேஷன் 4இல் அது வராது, சுவிட்ச் 2க்கும் அறிவிப்பு இல்லை. "சுவிட்ச் 2க்கு வரும்" என்று அந்தப் பட்டியல் சொன்னால் அது மூன்றாவது வகைச் சரக்கு.

இனி நம்மூர்ப் பிரச்சினை. சுவிட்ச் 2க்கு வரும் வெளிக் கம்பெனிக் கேம்களில் பல, கடையில் அட்டையாக வாங்கினாலும் அட்டைக்குள் கேம் இல்லை. அது வெறும் திறப்பு மாதிரி, அட்டையைச் செருகிவிட்டு முழுக் கேமையும் இணையத்தில் இறக்க வேண்டும், அதற்குப் பிறகு விளையாடும் ஒவ்வொரு முறையும் அட்டை உள்ளே இருக்கவும் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இந்த வகை. சைபர்பங்க் அப்படியில்லை, 64 ஜிபி அட்டைக்குள்ளேயே இருக்கிறது. 50 ஜிபி கேமை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்கினால் பதினொரு மணித்தியாலம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். ஃபைபர் வந்த வீடு என்றால் கவலை இல்லை, 4ஜி ரவுட்டரில் ஓடுகிற வீடு என்றால் மாத டேட்டா அதோடு சரி. பெட்டியின் முன்பக்கத்தில் அடியில் இது திறப்பு அட்டை என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 5க்கு டிஸ்க் வகையைக் கேட்கச் சொன்னதும் இதற்காகத்தான். டிஸ்க்கிலும் பிறகு அப்டேட் இறக்க வேண்டி வரும், ஆனால் உங்கள் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளும் அதில் ஏறக்குறைய எல்லாம் ஓடும், முடித்த கேமை விற்கவோ நண்பரிடம் மாற்றவோ முடியும்.

இடையில் ஒரு எச்சரிக்கை, இதே கேள்வியோடு ஜப்பானில் அண்ணன் இருப்பவர்களும் வருகிறார்கள். அங்கே சுவிட்ச் 2 மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். 2025இல் கொன்சோல் வந்தபோது 49,980 யென்னுக்கு விற்றது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள வகை, அது ஜப்பான் கணக்கோடு மட்டும்தான் வேலை செய்யும். பல மொழி வகை அப்போது 69,980 யென்.

கனடாவிலிருந்து வருவதில் அந்தச் சிக்கல் இல்லை. பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்காது. இப்போது நீங்கள் வைத்திருக்கும் கணக்கு எந்த நாட்டுக் கணக்கு என்று பாருங்கள், அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டுதான் அதில் ஏறும். மாமா கனடா கார்ட் வாங்கி வந்து, உங்கள் கணக்கு அமெரிக்கக் கணக்காக இருந்தால் அது வீண். டிஸ்க்கும் அப்படித்தான், கேம் ஓடும், ஆனால் அதற்கு மேலதிகப் பகுதிகளை இணையத்தில் வாங்கும்போது டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் பொருந்த வேண்டும். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக்கின் தலை மட்டும் மாற வேண்டும், நம்மூர்க் கடையிலேயே அந்த வயர் கிடைக்கும். கரண்ட் வந்து போகிற வீடு என்றால் ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், உப்புக்காற்றில் போர்ட் எல்லாம் பச்சை பிடித்து என்னிடம் வரும் பெட்டிகள் கொஞ்சம் இல்லை.

கடைசியாக, மாமா வருமுன்னே பிளேஸ்டேஷன் 4ஐ விற்றுவிடாதீர்கள், இப்போதே நல்ல விலை கேட்கிறார்கள் என்றாலும். புதியது வந்ததும் இரண்டையும் ஒரே ரவுட்டரில், முடிந்தால் லான் கேபிளால் இணைத்து, விளையாடிச் சேமித்ததை எல்லாம் மாற்றுங்கள். உங்கள் கணக்கை மாற்றிவிட்டுத் தம்பியின் கணக்கை மறந்துபோய்ப் பெட்டியை விற்ற ஒரு அண்ணன் போன மாதம்தான் கடைக்கு வந்தார், அதை மீட்க வழியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. வழியில்லை.