கோச் எதுவரை வருவார்?

கேள்வி: ஆறு மாதமாக ஒரு கோச்சிடம் (வேலை, வாழ்க்கை இலக்குகளுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர்) பேசி வருகிறேன், வேலையில் நல்ல மாற்றம். ஆனால் ஒரு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. இதையும் அவரே பார்த்துக்கொள்வாரா?

பதில்: கூடாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கி, அதைச் செய்யத் தூண்டுவதுதான் கோச்சின் வேலை. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் அவர் வேலையே இல்லை. சோகமோ ஆர்வமின்மையோ அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்கவேண்டும் என்கிறது மருத்துவம், உங்களுக்கோ ஒரு மாதம் ஆகிவிட்டது, அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே.

அப்புறம் இன்னொன்று. பெரும்பாலான நாடுகளில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழும் தருகிறது, நெறிமுறையும் வைத்திருக்கிறது, ஆனால் அது சட்டமல்ல.

எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். "இது என் எல்லையைத் தாண்டியது, மருத்துவரிடம் போங்கள்" என்றால் நல்லவர், வேலை விஷயங்களுக்கு அவரோடு தொடரலாம். "எல்லாம் மனநிலைதான், இன்னும் பத்து அமர்வில் சரியாகிவிடும்" என்றால் தயங்காமல் விலகிவிடுங்கள். மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கோச்சுக்கு எந்தத் தகுதியும் இல்லை.