கப்பல் தேதியை மாற்றினால் முன்பணம் போச்சா?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவு க்ரூஸுக்கு ஆறு பேருக்கு முன்பணம் கட்டினோம். பயணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கூட வருவதாக இருந்த தங்கைக்கு அதே வாரம்தான் பிரசவத் தேதி. இரண்டு மாதம் தள்ளிப் போடக் கேட்டால், “டெபாசிட் நான்-ரீஃபண்டபிள், புதுசாத்தான் புக் பண்ணணும்” என்கிறார் ஏஜென்ட். (கோவை வாசகி)

பதில்: ரத்து செய்வது வேறு, தேதி மாற்றுவது வேறு. பணம் திரும்ப வராது என்பதற்குத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். தேதி மாறாது என்பதற்கு எங்கே சம்மதித்தீர்கள்? அது எழுத்தில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பெரிய கப்பல் கம்பெனிகள் பலவற்றில், முழுப் பணமும் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்னால் கேட்டுவிட்டால், தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மீதி முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தருகிறார்கள். அந்தக் கடைசி நாள் பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வந்துவிடும். அது தாண்டினால் பேச்சே வேறு. அதனால் இந்த வாரமே மெயில் போடுங்கள். முழுப் பணம் கட்டும் கடைசி நாள் எது, மாற்றுக் கட்டணம் தலைக்கு எவ்வளவு, அதில் கம்பெனி எடுப்பது எவ்வளவு, ஏஜென்ட் எடுப்பது எவ்வளவு என்று கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதுத் தேதிக்கு அன்றைய விலைதான். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை வரும் ஜூன், டிசம்பரில் கட்டணம் ஏறும். வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இன்னொன்று, இதை ஏஜென்ட் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதம் தள்ளினால் உங்கள் தங்கை கைக்குழந்தையோடு வருவார். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்ற மாட்டார்கள். கப்பல் கிளம்பும் நாளில் குழந்தைக்கு என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். குழந்தையும் ஒரு பயணி. கேபினில் எத்தனை பேர் என்ற கணக்கிலும் அதற்கு இடம் வேண்டும். ஆகவே பிறந்து ஏழெட்டு மாதம் கழித்து வரும் தேதியாகப் பாருங்கள். இரண்டாம் முறை மாற்றினால் மாற்றுக் கட்டணமும் இரண்டாம் முறை விழும்.

கேள்வி: பயணத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் என் பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் முடிகிறது என்று பார்த்தேன். ஏற்ற முடியாது என்கிறார்கள். இலவசமாகத் தேதி மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாமா? (சென்னை)

பதில்: கூடாது, தம்பி. ஆறு மாதம் செல்லுபடி வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் பக்கம் ஒரு வழக்கும் இல்லை. லட்ச ரூபாய் கட்டுகிறவர் பாஸ்போர்ட்டை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டாமா?

கேள்வி: கம்பெனிக்கான மாற்றுக் கட்டணம் போக, “எங்க சர்வீஸ் சார்ஜ்” என்று தலைக்கு நாலாயிரம் கேட்கிறார் ஏஜென்ட். கம்பெனியிடம் நேரே பேசலாம் என்றால், புக்கிங் நம்பர் தர மறுக்கிறார். (மதுரை)

பதில்: இந்தக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பணம் உங்களுடையது, பயணம் உங்களுடையது, புக்கிங் நம்பர் மட்டும் அவருடைய ரகசியமா? முன்பணம் வாங்கிக்கொண்டு, தன் லெட்டர்ஹெட்டில் ‘கன்ஃபர்ம்டு’ என்று ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் கப்பல் பெயர் இருக்கும், படம் இருக்கும். கேபின் நம்பர் இருக்காது, கம்பெனியின் புக்கிங் நம்பர் இருக்காது, விதிமுறை ஒரு வரி இருக்காது. பல சமயம் அந்தத் தேதியில் உங்களுக்கென்று கேபினே பிடித்திருக்க மாட்டார்கள். அப்புறம் எந்தத் தேதியை எங்கே மாற்றுவது?

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு டிக்கெட்டை நானும் ஒரு ஏஜென்ட் மூலம் வாங்கினேன். காற்று எச்சரிக்கையால் படகு ஓடவில்லை. படகுக் கம்பெனி முழுப் பணத்தையும் திருப்பியது, ஆனால் புக்கிங் ஏஜென்ட் கணக்கில் இருந்ததால் அவருக்கு. அவரோ “அடுத்த ட்ரிப்பில் கழித்துக்கொள்ளலாம்” என்றார். பதிவுத் தபாலில் நோட்டீஸ் போன பிறகே பணம் வந்தது. யார் கணக்கில் புக்கிங் இருக்கிறதோ அவர் கைக்குத்தான் பணம் திரும்புகிறது. எனவே முன்பணம் கட்டும் அன்றே கம்பெனி தரும் புக்கிங் நம்பரையும், கம்பெனியின் விதிமுறையையும் கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

நாலாயிரம் விஷயம்: புக் செய்தபோதே எழுத்தில் சொல்லியிருந்தால் கொடுங்கள். இப்போது புதிதாக முளைத்தது என்றால் மறுத்து மெயில் போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று சொல்கிறது. நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதமும், நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற கட்டணமும் அதில் அடங்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல ஏஜென்ட்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஏஜென்ட் ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்டால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற நர்ஸ் நான். தோழிகள் நால்வருக்கும் சேர்த்து ஜிபேயில் முன்பணம் அனுப்பினேன். உடம்பு சரியில்லை, தேதி மாற்றுங்கள் என்று முந்தாநாள் கேட்டதிலிருந்து அந்த ஆள் போன் எடுப்பதில்லை. அவர் சொன்ன முகவரியில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: அம்மா, இதைப் படித்ததும் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன கணக்கை முடக்க நேரம் முக்கியம். ஜிபே பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், எதையும் அழிக்காதீர்கள். உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். தோழிகளிடம் தயங்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். ஏமாற்றியவன்தான் குற்றவாளி, நீங்கள் இல்லை.

கேள்வி: கப்பல் கம்பெனியே பயணத்தை ரத்து செய்துவிட்டு, வேறு தேதி அல்லது வவுச்சர் மட்டும்தான் என்கிறது. (திருச்சி)

பதில்: அவர்கள் ரத்து செய்தால் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுப் பணமும் கேளுங்கள். வவுச்சருக்கு ‘ஓகே’ அழுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கப்பல் இல்லை, கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்தை மாற்றினார்கள். நான்கு மாதம் முன்பே சொல்லியும் ஒன்றரை லட்சம் முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். பழைய முகூர்த்த நாளன்று அந்த வழியாகப் போனால், வாசலில் வாழைமரம் கட்டி வேறொரு ஜோடியின் ஃபிளெக்ஸ். (தஞ்சாவூர்)

பதில்: போட்டோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் உங்கள் வழக்குக்கு அதைவிடப் பெரிய பலம் வேண்டாம். அதே நாளுக்கு வேறு வாடகை வந்துவிட்ட பிறகு அவர்களுக்கு என்ன நஷ்டம்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74, ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் என்கிறது. ‘முன்பணம் என்றால் சட்டமே பறிமுதல் செய்ய விடும்’ என்று அவர்கள் வாதாடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். படம் இல்லாவிட்டால், அன்று அங்கே கல்யாணம் செய்த வீட்டாரின் பத்திரிகை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மண்டபத்தின் பெயரும் தேதியும் அதில் அச்சாகியிருக்கும்.

கேள்வி: வெளிநாட்டு டூர் என்று, டூர் பணத்தோடு சேர்த்து டிசிஎஸ் என்ற வரியும் பிடித்தார்கள். அதுவும் போச்சா? (ஈரோடு)

பதில்: இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவு விழுந்திருக்கும். வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் வரி வரவுக் கணக்கில் பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் ரீஃபண்டாக வரும். அங்கே விழவில்லை என்றால், பிடித்த பணம் எங்கே என்று ஏஜென்டைக் கேளுங்கள்.